வாரம் ஒரு நாள் மருந்து, அடுத்த மூன்று நாள் அவள் அவளாக இல்லை. நான் எங்கே தப்பு செய்கிறேன்?

தூக்கம்_வராதவன் | ஞாயிறு, இரவு 11:48

வணக்கம். பல மாதமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவிக்கு சோரியாசிஸ் என்கிற தோல் நோய் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. முழங்கையிலும் தலையிலும் மட்டும்தான் இருந்தது. களிம்பு போட்டால் அடங்கும், விட்டால் தலைகாட்டும். போன வருடம் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தது. அது போய் மூன்று வாரத்தில் முதுகு, வயிறு, கால் என்று பரவிவிட்டது. வாரம் மூன்று நாள் ஒளி சிகிச்சைக்குப் போய்வந்தோம். முப்பது தடவை ஆனது, நன்றாகவே குறைந்தது. நிறுத்திய இரண்டாம் மாதம் பழையபடி வந்து நின்றது. இப்போது மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. சனிக்கிழமை இரவு மட்டும், 15 மில்லிகிராம். நான்கு மாதம் முடிந்தது.

தோல் தேறுகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இப்போது கிடையாது. விடிந்ததும் குமட்டல். திரையை இழுத்து விட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். திங்கட்கிழமை வேலைக்குப் போகிறாள், எப்படிப் போகிறாள் என்று எனக்கே தெரியவில்லை. புதன்கிழமை வாக்கில்தான் பழைய ஆளாகிறாள். அப்புறம் சனிக்கிழமை காலையே முகம் சுருங்க ஆரம்பித்துவிடும். மாத்திரை டப்பாவைப் பார்த்தாலே குமட்டுகிறது என்கிறாள். மாத்திரையைத் தொடவே இல்லை, அதற்குள் குமட்டல்.

நான் சும்மா இருக்கவில்லை. போனில் அலாரம் வைத்திருக்கிறேன். ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தேதிவாரியாகக் கோப்பில் போட்டிருக்கிறேன். தினமும் காலையில் படுக்கை விரிப்பை உதறி, தரையைப் பெருக்கிவிடுகிறேன். டாக்டரிடம் காட்ட வாராவாரம் ஒரே வெளிச்சத்தில் படம் எடுக்கிறேன்.

நேற்று இரவு அலாரம் அடித்தது, தண்ணீரோடு போனேன். அவள் என் போனை வாங்கி அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். முழங்கை, முதுகு, கெண்டைக்கால், மறுபடி முழங்கை. "நாலு மாசத்துல என் மூஞ்சி ஒண்ணுகூட இல்லையே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள்.

குமட்டலுக்கு ஏதாவது வழி உண்டா என்பது என் முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி தலைப்பிலேயே இருக்கிறது.


மருந்துச்சீட்டு | திங்கள், காலை 6:20

நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. இரண்டாவது கேள்விக்கு நான் ஆள் கிடையாது. முதல் கேள்விக்குச் சொல்கிறேன்.

மெத்தோட்ரெக்சேட்டின் பக்கவிளைவைக் குறைக்கத் தருகிற வைட்டமின், ஃபோலிக் ஆசிட், கொடுத்திருக்கிறார்களா? எந்தெந்தக் கிழமை? இதை ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள். சிலர் வாரம் ஒருமுறை, சிலர் மெத்தோட்ரெக்சேட் நாளைத் தவிர்த்து மற்ற எல்லா நாளும். குமட்டல் இவ்வளவு இருந்தால் அந்த அளவைக் கூட்டலாமா என்று கேட்பது நியாயமான கேள்வி. இன்னொன்று, இதே மருந்து தோலுக்கு அடியில் போடும் ஊசியாகவும் வருகிறது. மாத்திரையில் வயிறு புரள்கிற பலருக்கு ஊசியில் அது குறைகிறது. டப்பாவைப் பார்த்ததும் வருகிற குமட்டலும் நிஜமானதுதான். மூளை அந்த டப்பாவைப் பழகிக்கொண்டுவிட்டது. "மனசுல நினைக்காதே" என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

இப்போது நான் எல்லோரிடமும் சொல்கிற பாட்டு. இது வாரம் ஒருநாள் மருந்து. தவறிப்போய் தினமும் சாப்பிட்டு உயிரையே இழந்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. சீட்டில் கிழமையின் பெயர் எழுதியிருக்க வேண்டும். மாத்திரை 2.5 மில்லிகிராமிலும் வரும், 10 மில்லிகிராமிலும் வரும், பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கலாம். ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் அட்டையைப் படியுங்கள்.

வாய்ப்புண், காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சு வாங்குவது, காரணம் இல்லாமல் உடம்பில் கன்றிப்போவது, இதில் எது வந்தாலும் அடுத்த தவணையைப் போடாமல் அன்றைக்கே டாக்டரை அழையுங்கள். சளிக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ வேறு டாக்டரிடம் போனால் "மெத்தோட்ரெக்சேட் எடுக்கிறேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லச் சொல்லுங்கள். ட்ரைமெத்தோப்ரிம் கலந்த ஆன்டிபயாட்டிக் இதோடு சேர்ந்தால் ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். வலி மாத்திரையும் கேட்டுவிட்டுத்தான். மது கூடவே கூடாது, இரண்டும் சேர்ந்து கல்லீரலைப் பிடிக்கும்.


கடைசிபெஞ்ச் | திங்கள், காலை 9:05

எதற்கு இந்தக் கஷ்டம் எல்லாம்? இது ரத்தக் கேடு, உள்ளே சுத்தம் செய்தால் வெளியே தானாகப் போகும். என் மைத்துனருக்கு ஒருவர் பொடி கொடுத்தார். பத்தே நாளில் தோல் பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. எண் வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள். கேன்சர் மருந்தை மனைவிக்குக் கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காணவில்லை என்று அழுவானேன்.


பதினாறு_வருடம் | திங்கள், காலை 10:31

கடைசிபெஞ்ச், அந்தப் பத்து நாள் எனக்கும் நடந்தது. பெயர் ஒட்டாத பொட்டலம், தேனில் குழைத்து சாப்பிடச் சொன்னார்கள். ஒரே வாரத்தில் எல்லாம் மறைந்தது. ஆறாவது வாரம் முகம் உப்பி வட்டமானது. பயந்து நிறுத்தினேன். அடுத்த பத்து நாளில் உச்சி முதல் பாதம் வரை சிவந்து, தோல் தாள் தாளாக உரிந்து, கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், திடீரென்று நிறுத்தியதில் மொத்தமாகத் திருப்பி அடித்திருக்கிறது என்றார் டாக்டர். உடம்பு முழுக்க அப்படிச் சிவந்தால் அது அவசர நிலை, அதையும் இங்கே படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும். உங்கள் மைத்துனர் நன்றாக இருந்தால் சந்தோஷம். பொட்டலத்தில் என்ன இருந்தது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

ரத்தக் கேடும் இல்லை, அசுத்தமும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் தோலையே அவசரப்படுத்துகிறது. ஒரு மாதம் எடுத்துப் புதுப்பிக்க வேண்டிய தோல் மூன்று, நான்கு நாளில் புதுப்பிக்கிறது, உதிர்ந்து முடிக்க நேரம் இல்லாமல் செதிலாக அடுக்கிக்கொள்கிறது. இது இன்னொருவருக்கு ஒட்டவும் ஒட்டாது. பதினாறு வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

தூக்கம்_வராதவன், உங்களிடம் ஒரு கேள்வி. காலையில் விரிப்பை உதறுகிறீர்களே, அப்போது அவர் எங்கே இருப்பார்?


நெறியாளர் | திங்கள், காலை 10:50

மருந்து விற்பவர்களின் தொடர்பு எண் இங்கே வேண்டாம், தனிச்செய்தியிலும் வேண்டாம். இழை தொடரட்டும்.


தூக்கம்_வராதவன் | திங்கள், இரவு 10:15

எல்லோருக்கும் நன்றி. ஃபோலிக் ஆசிட் வாரம் ஒன்றுதான் எழுதியிருக்கிறார்கள். அடுத்த முறை கேட்கிறேன்.

பதினாறு_வருடம், உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவள் அப்போது பக்கத்தில் கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருப்பாள். நான் விரிப்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டி இரண்டு தட்டு தட்டுவேன். பட் பட் என்று சத்தம் கேட்கும். தினமும்.


பதினாறு_வருடம் | திங்கள், இரவு 10:40

அந்தச் சத்தம்தான். என் வீட்டிலும் இருந்தது. யாரும் எதுவும் தப்பாகச் சொல்லவில்லை, ஆனால் ஒவ்வொரு நாளும் "நேற்று இவ்வளவு கொட்டினாய்" என்று அது கணக்குச் சொல்லும். அவர் குளிக்கப் போனதும் செய்யுங்கள், அவ்வளவுதான். வெளிர் நிற விரிப்பு போடுங்கள், செதில் அவ்வளவாகத் தெரியாது. கறுப்புச் சட்டையை அவராக எடுத்து உடுத்துகிற நாளில் தோளைத் தட்டிவிடாதீர்கள்.

களிம்பு யார் போட்டுவிடுகிறீர்கள்? முதுகுக்கு அவர் கை எட்டாது. குளித்துத் துடைத்த ஈரம் காயும் முன் மாய்சரைசர், அதற்குக் கொஞ்ச நேரம் விட்டு ஸ்டீராய்டு களிம்பு. ஆள்காட்டி விரலின் நுனி மடிப்பு வரை பிதுக்கினால் அது விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு வரும். அழுத்தித் தேய்க்காதீர்கள், முடி சாயும் திசையில் தடவினால் போதும். செதிலை நகத்தால் உரிக்கவே கூடாது. அடியில் புள்ளிப் புள்ளியாக ரத்தம் வரும், கீறிய இடத்தில் புதிதாகவும் கிளம்பும். என் கணவர் முதலில் கையுறை போட்டுக்கொண்டு தடவினார். ஸ்டீராய்டு தன் கையில் படக்கூடாதே என்பதுதான் காரணம், நியாயமும்கூட. ஆனால் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. வாய்விட்டுச் சொன்னேன். அன்றிலிருந்து வெறுங்கையால் தடவிவிட்டு உடனே சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்கிறார். அந்த ஐந்து நிமிடம் நோயைப் பற்றிப் பேச மாட்டார். பக்கத்து வீட்டு வம்பு எல்லாம் எனக்கு அப்போதுதான் கிடைக்கும்.


மருந்துச்சீட்டு | செவ்வாய், காலை 6:12

ஒரு சின்னக் குறுக்கீடு. பாரஃபின் கலந்த மாய்சரைசர் நிறைய போடுகிற வீட்டில் விரிப்பும் உடையும் அதை உறிஞ்சிக்கொள்ளும். துவைத்தாலும் முழுக்கப் போகாது. தீப்பொறி பட்டால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். அடுப்பு, மெழுகுவர்த்தி, சிகரெட் பக்கம் கவனம்.


நிழல்குடை | செவ்வாய், மதியம் 1:27

நானும் துணை பக்கத்து ஆள்தான், கணவருக்குப் பன்னிரண்டு வருடமாக இருக்கிறது. நீங்கள் எழுதியதைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. அலாரம், கோப்பு, படம். நானும் அப்படியே ஒரு வீட்டு போலீஸாக இருந்தேன். "போட்டாச்சா?" என்பதுதான் எங்கள் வீட்டில் நான் அதிகம் பேசிய வார்த்தை. ஒருநாள் அவர் "போட்டாச்சு மேடம்" என்று எழுந்து நின்று சொன்னார். அன்றைக்கு நிறுத்தினேன். இப்போது சுவரில் ஒரு காலண்டர் இருக்கிறது. அவரே போட்டுக்கொண்டு அவரே டிக் அடிக்கிறார். நான் கடந்து போகும்போது ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன். டிக் இல்லையென்றால் மட்டும் வாயைத் திறப்பேன்.

ஆனால் எல்லாவற்றையும் விட்டுவிடவும் கூடாது, அதற்கும் ஒரு கதை உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு சோரியாசிஸுக்கான அப்ரெமிலாஸ்ட் மாத்திரை ஆரம்பித்தார்கள். முதல் மூன்று வாரம் வயிற்றுப்போக்கு. எதிர்பார்த்ததுதான், முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், அடங்கியும் போனது. அதற்குப் பிறகுதான் மனிதர் மெதுவாக அணைந்துபோனார். தொலைக்காட்சி ஓடும், பார்க்க மாட்டார். கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புவார். வேலையில் பிரச்சினை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். "எனக்கு மட்டும் சிடுசிடுப்பு இல்லையா" என்று நானும் எரிந்து விழுந்தேன். இரண்டு மாதம் கழித்து வேறு எதற்கோ மருந்துத் தாளைப் பிரித்தால், மன அழுத்தம் வரலாம், வீட்டார் கவனிக்க வேண்டும் என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. டாக்டரிடம் சொன்னதும் மருந்தை மாற்றினார். ஒரு மாதத்தில் பாத்ரூமில் பாட்டு கேட்டது.

உங்கள் மனைவியின் வாட்டமும் சோர்வும் மருந்தா, நோயா, உங்கள் அலாரமா என்று எனக்குத் தெரியாது. மூன்றும் கலந்தே இருக்கலாம். இந்த நோய் உள்ளவர்களுக்கு மன அழுத்தம் பொதுவாகவே அதிகம். அதனால் மனநிலையையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் முன்னால், அவர் சம்மதத்தோடு. பின்னால் தனியாகப் போய்ச் சொல்வது கோள் மூட்டுவது மாதிரி ஆகிவிடும்.


புதுவரவு | செவ்வாய், இரவு 8:44

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கு அடுத்த மாதம் கல்யாணம். அவருக்கு சோரியாசிஸ், மெத்தோட்ரெக்சேட் எடுக்கிறார். குழந்தை பற்றி யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.


மருந்துச்சீட்டு | செவ்வாய், இரவு 9:30

அவருடைய தோல் டாக்டரிடம், இரண்டு பேரும் சேர்ந்து போய்க் கேளுங்கள். ஆண் எடுக்கும்போது என்ன என்பதில் வழிகாட்டுதல்கள் ஒன்றுபோல் இல்லை, அதனால் நான் இங்கே முடிவாகச் சொல்ல மாட்டேன். பெண் எடுத்தால் சந்தேகமே இல்லை, கருத்தரிக்கக் கூடாது. கருவைக் கடுமையாகப் பாதிக்கும். குழந்தை வேண்டுமென்றால் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அசிட்ரெடின் என்று இன்னொரு மருந்து இருக்கிறது, அதை நிறுத்திய பிறகும் மூன்று வருடம் கருத்தரிக்கக் கூடாது. அதனால் இளம்பெண்களுக்குப் பெரும்பாலும் அதைத் தொடவே மாட்டார்கள்.


தூக்கம்_வராதவன் | புதன், அதிகாலை 1:10

மேலே குழந்தை பற்றிப் பேசுகிறீர்களே, அதை நான் முதல் பதிவில் எழுதவில்லை. மறந்து விடவில்லை, எழுத மனம் வரவில்லை.

எங்களுக்கு ஒரு மகள், ஆறு வயது. இரண்டாவது குழந்தை வேண்டும் என்று என் மனைவிக்கு ஆசை. ஒளி சிகிச்சை முடிந்ததும் என்றோம். அப்புறம் இந்த மருந்து. "ஒரு வருஷம் பார்ப்போம்" என்று டாக்டர் சொன்னபோது நான் தலையாட்டினேன். அவள் என்ன செய்தாள் என்று நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. சனிக்கிழமை காலை மாறுகிற முகத்தை இத்தனை நாள் குமட்டல் கணக்கிலேயே எழுதிக்கொண்டிருந்தேன்.

இன்று கேட்டேன். முதலில் "ஒண்ணுமில்லை" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒவ்வொரு சனிக்கிழமையும் நானே என் கையால தள்ளிப்போடற மாதிரி இருக்கு" என்றாள். வயது முப்பத்தேழு.


பதினாறு_வருடம் | புதன், காலை 7:02

இதை டாக்டரிடம் சொல்லியிருக்கிறீர்களா? அவர் கேட்டிருக்க வேண்டும், உண்மைதான். ஆனால் பத்து நிமிடத்தில் அவர் பார்ப்பது தோலை. "எங்களுக்கு இன்னொரு குழந்தை வேண்டும், எப்போது முயற்சி செய்ய நினைக்கிறோம்" என்று தேதியோடு சொல்லுங்கள். சிகிச்சையின் கணக்கே மாறும். கர்ப்ப காலத்திலும் மருந்து சேர்க்காத ஒளி சிகிச்சையை (யு.வி.பி. வகை) கொடுக்கலாம். பலருக்குக் கர்ப்பத்தில் சோரியாசிஸ் தானாகவே தணியும், பிரசவத்துக்குப் பிறகு திரும்பி வரும். எனக்கு இரண்டு தடவையும் அப்படித்தான்.


மருந்துச்சீட்டு | புதன், காலை 7:40

எதிர்ப்புச் சக்தியின் குறிப்பிட்ட ஒரு பகுதியை மட்டும் தடுக்கிற பயாலஜிக் ஊசிகளில் செர்டோலிசுமாப் என்று ஒன்று, நஞ்சுக்கொடி வழியாக மிகக் குறைவாகவே குழந்தைக்குப் போகும். அதனால் இப்படிப்பட்டவர்களுக்கு அதை யோசிப்பார்கள். பயாலஜிக் எதுவானாலும் தொடங்கும் முன் காசநோய் உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். உயிருள்ள தடுப்பூசிகள் அந்த மருந்துகளோடு ஆகாது. பொருந்துமா பொருந்தாதா என்பது உங்கள் டாக்டர் வேலை, பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்வது உங்கள் வேலை. நீங்களாக மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திவிட வேண்டாம்.


நிழல்குடை | புதன், மதியம் 2:15

இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். காலையில் எழுந்ததும் விரல் விறைத்துக்கொள்கிறதா? நகத்தில் ஊசி குத்தின மாதிரி குழிகள்? என் கணவருக்கு மூட்டு பிடித்ததை ஒரு வருடம் கவனிக்காமல் விட்டோம். தோலில் இருப்பவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு மூட்டுக்கும் வரலாம் என்கிறார்கள். மூட்டு கெட்டால் கெட்டதுதான், தோல் மாதிரி திரும்பாது.


தூக்கம்_வராதவன் | புதன், இரவு 11:20

நகத்தில் குழி இருக்கிறது. விரல் பற்றித் தெரியாது. ஆனால் கொஞ்ச நாளாக பாட்டில் மூடியைத் திறக்க என்னிடம்தான் நீட்டுகிறாள். செல்லமாகக் கேட்கிறாள் என்று நினைத்திருந்தேன்.


தூக்கம்_வராதவன் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5:05

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

டாக்டரிடம் அவளே பேசினாள். நான் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று நிழல்குடைக்குத் தெரியும். குழந்தை என்று சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இன்னும் இரண்டு மாதம் இதே மருந்து, ஆனால் ஊசியாக. ஃபோலிக் ஆசிட் இனி ஊசி நாள் தவிர மற்ற எல்லா நாளும். அதற்குள் பயாலஜிக்குக்கான பரிசோதனைகளை முடித்துவிட்டு, பிறகு மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திக் காத்திருப்பது என்று திட்டம். விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து மூட்டு டாக்டருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். வலது கை நடுவிரல் லேசாக வீங்கியிருக்கிறதாம். நான்கு மாதப் படங்களில் அந்த விரல் எங்குமே இல்லை.

முதல் ஊசியை நான் போடுவதாக இருந்தது. வயிற்றுச் சதையைப் பிடித்துக்கொண்டு கை நடுங்குகிறது எனக்கு. "தள்ளுங்க" என்று வாங்கித் தானே போட்டுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை இரவுக்கு மாற்றியிருக்கிறோம். நேற்று படுத்தே இருந்தாள், ஆனால் வாந்தி இல்லை. இன்று மதியம் எழுந்து மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். சோர்வு போய்விட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.

அலாரத்தை அவள் போனுக்கு மாற்றிக்கொண்டாள். விரிப்பை அவள் குளிக்கும்போது எடுக்கிறேன். முதுகுக்கு மட்டும் நான். முகத்தைப் படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். "முடி இவ்ளோ கொட்டியிருக்கு, இப்ப எதுக்கு" என்றாள். கேட்டதற்குத் திட்டவில்லை.


கடைசிபெஞ்ச் | ஞாயிறு, மாலை 6:30

மைத்துனரிடம் கேட்டேன். என்ன பொடி என்று அவருக்கும் தெரியவில்லையாம். போன மாதம் நிறுத்தியிருக்கிறார், இப்போது மறுபடி கிளம்பியிருக்கிறது. தோல் டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கிறேன்.


மருந்துச்சீட்டு | ஞாயிறு, இரவு 7:10

போகும்போது மிச்சப் பொடியையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். எத்தனை நாள் சாப்பிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

தூக்கம்_வராதவன், பயன்படுத்திய ஊசியைச் சாதாரணக் குப்பையில் போடாதீர்கள். மூடியைத் திரும்பச் செருகவும் வேண்டாம். குத்தினால் துளைக்காத கெட்டியான டப்பாவில் போட்டு, ஆறு வயசுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். நிரம்பியதும் எங்கே ஒப்படைப்பது என்று ஊசி வாங்குகிற இடத்தில் கேளுங்கள்.


தூக்கம்_வராதவன் | ஞாயிறு, இரவு 7:25

டப்பா வாங்கியாச்சு. மூடியைத் திறக்க என்னிடம்தான் கொடுத்தாள்.